புகை திரும்பி வந்த கோபுரம்

போன வருடம் யூலை மாதம், மொன்றியலில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பக்கம் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மூன்று மாடிச் செங்கல் கட்டிடத்தில் இது நடந்தது. இதை எழுத உட்காரும்போதே எனக்குக் கோபம் வருகிறது. அதனால் ஆற அமரச் சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

முதலில் எங்கள் படிக்கட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். வீதி வாசலில் இருந்து மூன்றாம் மாடி வரைக்கும் ஏறுகிற பழைய மரப் படிக்கட்டு அது. ஒவ்வொரு மாடியிலும் இரண்டு வீட்டுக் கதவுகள் அந்தப் படிக்கட்டைப் பார்த்தபடி இருக்கும். உச்சியில், கூரையிலேயே, ஒரு கண்ணாடிச் சாளரம் இருந்தது. அதிலிருந்து ஒரு சங்கிலி தொங்கும். இழுத்தால் சாளரம் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொள்ளும்.

கோடை வந்தால் எங்கள் கட்டிடத்தில் ஒரு வழக்கம். கீழே வாசல் கதவைத் திறந்து, வலைக் கதவை மட்டும் சாத்தி வைப்பார்கள். மேலே சங்கிலியை இழுத்துவிடுவார்கள். பிறகு ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் கதவிடுக்கில் ஒரு செருப்பைச் செருகி வைப்பார்கள். அவ்வளவுதான். வீடுகளுக்குள் கிடக்கிற சூடு எல்லாம் அந்த இடுக்கால் படிக்கட்டுக்கு வந்து, மேலே ஏறி, கூரையால் வெளியே போய்விடும். அது போகப் போக, ஜன்னல்களால் புதுக் காற்று உள்ளே வரும். எங்கள் வீட்டு மீன் குழம்பு வாசம் மூன்றாம் மாடியில் இருந்து கீழே இறங்காது. கீழ் வீட்டுக்காரரின் பூண்டு வாசம் மட்டும் எங்களிடம் ஏறி வரும். அம்மா அதைப் பற்றி முறைப்பாடு செய்யாத நாளே இல்லை. ஆனால் ஏசி இல்லாமல் அத்தனை கோடைகளைக் கடந்தது அந்தச் சாளரத்தாலும் அந்தச் செருப்புகளாலும்தான். யார் இந்த வழக்கத்தைத் தொடங்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது.

நான் கட்டிடக்கலை படிக்கிற மாணவி. அந்த நாட்களில் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது: ஈரானின் பழைய வீடுகள். பாலைவனத்து நகரங்களில், மின்சாரம் என்ற ஒன்று இல்லாத காலத்தில், மண்ணையும் செங்கல்லையும் மட்டும் வைத்துக்கொண்டு வீட்டைக் குளிராக வைத்திருந்த விதத்தைப் படிக்கப் படிக்க எனக்குத் தலை சுற்றியது. தடித்த மண் சுவர் பகல் சூட்டைத் தனக்குள்ளே வாங்கி வைத்துக்கொண்டு இரவில் மெதுவாக விடும். நடுவே முற்றம், அதில் ஒரு தண்ணீர்த் தொட்டி, இரண்டு மாதுளை மரம். முற்றத்தின் ஒரு பக்கத்து அறைகள் வெயில் படாமல் வடக்கே பார்த்திருக்கும், அவை கோடைக்கு. எதிர்ப் பக்கத்து அறைகள் தெற்கு வெயிலை வாங்கும், அவை குளிர்காலத்துக்கு. பாலைவனத்தில் மண் குவிமாடத்துக்குக் கீழே கோடை முடியும் வரை பனிக்கட்டியைக் கரையாமல் வைத்திருந்தார்கள் என்று வாசித்த அன்று நான் சாப்பிடவேயில்லை.

எல்லாவற்றிலும் என்னை மயக்கியது பாத்கீர். காற்றைப் பிடிக்கிற கோபுரம். வீட்டுக்கு மேலே புகைபோக்கி மாதிரி உயர்ந்து நிற்கும். உச்சியில் நீள நீளமான வாய்கள். காற்று அடிக்கிற பக்கத்து வாய் அதைப் பிடித்துக் கீழே அனுப்பும், மறுபக்கத்து வாய் வீட்டுக்குள்ளே இருக்கிற சூட்டை உறிஞ்சி வெளியே விடும். காற்றே இல்லாத நாளில்கூடக் கோபுரத்துக்குள் சூடேறி மேலே போகிற காற்று, நிலத்தடி அறையின் குளிர்ந்த காற்றை வீட்டுக்குள் இழுத்து வரும். மோட்டர் இல்லை, மின் கட்டணம் இல்லை, சத்தமும் இல்லை. நான் ஒரு முழு அரையாண்டு இதைத்தான் வரைந்தேன்.

அதே மூன்றாம் மாடியில் எங்களுக்கு எதிர்வீட்டில் இருந்தவர் ஈரானைச் சேர்ந்த ஓர் அக்கா. அதுவும் பாத்கீர்களுக்குப் பேர்போன யஸ்த் நகரத்துக்காரர். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பல் மருத்துவத்துக்கான உரிமப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். கணவருக்குக் கியூபெக் நகரத்தில் வேலை, வார இறுதியில்தான் வருவார். நான் அவரை அக்கா என்றே கூப்பிடுவேன், அதன் அர்த்தமும் அவருக்குத் தெரியும். அவர் என்னை "கானும் மொஹந்தெஸ்" என்பார். பொறியாளர் அம்மணி என்று அர்த்தமாம். மரியாதை பாதி, கேலி பாதி.

முதல் நாளே அவரிடம் ஓடிப்போய், "அக்கா, உங்கள் வீட்டில் பாத்கீர் இருந்ததா?" என்று கேட்டேன்.

"இருந்ததே," என்றார். "புறா கூடு கட்டுகிறது, தூசி கொட்டுகிறது என்று அப்பா செங்கல் வைத்து அடைத்துவிட்டார். கூரையில் தண்ணீர்க் கூலர் ஒன்று வைத்திருந்தோம். நன்றாகத்தான் இருந்தது."

என் முகம் போன போக்கைப் பார்த்து அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "கானும் மொஹந்தெஸ், அழுதுவிடாதே. பாட்டன் காலத்தில் எல்லாரும் மத்தியானம் நிலத்தடி அறைக்கு இறங்குவார்களாம், இரவில் மொட்டை மாடிக்கு ஏறுவார்களாம். வீட்டைக் குளிர வைப்பதை விட்டுவிட்டு மனிதர்கள்தான் இடம் மாறினார்கள். அது எனக்குப் பிடிக்கும். மற்றபடி எனக்கு ஏசிதான் பிடிக்கும்."

இந்த நிலையில்தான் எங்கள் கட்டிடத்தைப் புதிதாக ஒரு நிறுவனம் வாங்கியது. கீழ்த்தளத்தில் ஒரு வீட்டைத் தங்கள் அலுவலகமாக்கினார்கள், அதற்கு மட்டும் ஏசி. எங்களுக்கு ஒரு சுற்றறிக்கை: வீதிப் பக்க ஜன்னல்களில் ஏசி பொருத்தக் கூடாது, கட்டிடத்தின் தோற்றம் கெடும். பின்பக்கமும் வேண்டாம், மின்கம்பிகள் பழையவை. அதோடு கூரைக்குப் போகிற ஏணிக் கதவுக்கும் நிலத்தடி அறைக்கும் பூட்டு.

வசந்தத்தில் வாசலில் ஒரு பெரிய விளம்பரப் பலகை வந்தது. நான் பல்கலைக்கழகத்தில் இருந்து வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். பலகையில் யஸ்த் நகரம்! நீல வானத்துக்குக் கீழே மண் நிறத்தில் பாத்கீர்கள். கூடவே எங்கள் கட்டிடத்தின் படம், அதன் தலையில் அதே மாதிரி ஒரு கோபுரம். பாரசீகத்தின் காற்றுக் கோபுரங்களால் உந்துதல் பெற்ற பசுமைப் புதுப்பிப்பு என்று பிரெஞ்சில் எழுதியிருந்தது.

அன்றைக்கு நான் படியேறி வரவில்லை, பறந்து வந்தேன். கட்டிடத்தில் எல்லாருடைய கதவையும் தட்டினேன். படிக்கட்டுக்கு மேலே, அந்தச் சாளரம் இருக்கிற அதே இடத்தில் கோபுரம் வரப்போகிறது, இனிமேல் காற்று இன்னும் நன்றாக வரும் என்றேன். கீழ் வீட்டில் இருந்த வயதான பிரெஞ்சுக்காரர், "அந்தச் சாளரத்தைக் கழற்றுவார்களா? நான் விடமாட்டேன், கையெழுத்து வாங்குவோம்" என்று தொடங்கினார். நான்தான் அவருக்குப் படம் வரைந்து காட்டிச் சமாதானப்படுத்தினேன். சாளரத்தைவிட இது எவ்வளவோ மேல், மிஸ்யூ, உயரமான புகைபோக்கி கூடுதலாக இழுக்கும் என்று விளக்கினேன். விஞ்ஞானம் சரிதான். பலகை போட்டவர்களை நம்பினதுதான் பிழை.

யூனில் கோபுரம் வந்திறங்கிய அன்று அம்மா ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, "இதென்ன பிள்ளை, கோயில் கோபுரம் மாதிரி ஒண்டைத் தூக்கிக்கொண்டு போயினம்? கும்பாபிஷேகம் எப்பவாம்?" என்றார்.

"இது காத்துப் பிடிக்கிற கோபுரம் அம்மா. இனி உங்களுக்கு வேர்க்காது."

"பார்ப்பம், பார்ப்பம். உன்ர கோபுரம் காத்து விட்டால் நான் தேங்காய் உடைக்கிறன்."

எதிர்வீட்டு அக்கா மட்டும் பாரந்தூக்கி கோபுரத்தை ஏற்றுவதை ஒரு கையைக் கண்ணுக்கு மேலே வைத்துப் பார்த்தார். மற்றக் கை வயிற்றில் இருந்தது. அப்போது அவருக்கு ஏழாம் மாதம். "யஸ்த்தில் இதைக் கட்ட மாதக்கணக்கில் எடுக்கும்," என்றார். "இது தகரப்பெட்டி மாதிரி இருக்கிறதே."

"புதுப் பொருள் அக்கா," என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் என் காது சுடுகிறது.

வேலை முடிந்தபோது பழைய சாளரம் இருந்த இடத்தில் ஒரு சதுர வெளிச்சம் இருந்தது. வெள்ளை மேகங்களோடு நீல வானம். சங்கிலியைக் காணவில்லை. தானாகவே இயங்கும்போல என்று நினைத்தேன். மாலையானால் கோபுரத்துக்குள்ளே இருந்து செம்மஞ்சள் விளக்கு எரியும். வீதியில் போகிறவர்கள் நின்று படம் எடுத்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு யூலை வந்தது. வெப்ப அலை என்று வானொலி அலறியது. மொன்றியல் கோடையைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கனடா என்றால் பனி என்று மட்டும் நினைக்காதீர்கள். ஆற்று ஈரம் முழுவதையும் காற்று சுமந்துகொண்டு வந்து தோலில் ஒட்டும். வேர்வை காயாது. எங்கள் கூரை தட்டையானது, கறுப்புத் தார் பூசியது. அதற்கு நேர் கீழே நாங்களும் எதிர்வீட்டு அக்காவும். சமையலறைக் குழாயில் குளிர் தண்ணீர் என்று திறந்தால் தேநீர் போடலாம் போல வந்தது.

வழக்கம்போல எல்லாரும் கதவிடுக்கில் செருப்பை வைத்தார்கள். வாசலைத் திறந்தார்கள். காற்று வரவில்லை. முதல் நாள் காற்றே இல்லாத நாள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் காற்றில்லாத நாளிலும் அது வேலை செய்யவேண்டுமே. அடுத்த நாள் படிக்கட்டில் மேலே ஏற ஏற, ரொட்டி சுடுகிற போறணைக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. சூடு எல்லாம் மேலே வந்து அங்கேயே தேங்கி நின்றது. எதிர்வீட்டு அக்கா கதவருகே ஒரு நாற்காலியைப் போட்டு, கால்களைத் தண்ணீர் வாளிக்குள் விட்டபடி இருந்தார். முகம் சிவந்து வீங்கியிருந்தது. மூன்று மாடி இறங்கி ஏறவேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் நூலகத்துக்கோ கடைத்தொகுதிக்கோ போய் ஏசியில் இருக்கவும் முடியாது. இரத்த அழுத்தம் வேறு கூடிக்கொண்டிருந்தது.

"கானும் மொஹந்தெஸ்," என்றார், சிரிக்கக்கூட முடியாமல். "உன் கோபுரத்துக்குச் சொல், எனக்குக் கொஞ்சம் மூச்சு வேண்டுமென்று."

அன்று பிற்பகல் இடி இடித்தது. வானம் கறுத்து, மழை வருகிற மாதிரிப் பயமுறுத்திவிட்டுப் போனது. நான் படிக்கட்டில் நின்று தற்செயலாக மேலே பார்த்தேன். அங்கே நீல வானம். வெள்ளை மேகங்கள். வெளியே இடி முழங்குகிறது, எங்கள் தலைக்கு மேலே பளிச்சென்ற காலை வேளை!

உள்ளே ஓடி, அம்மாவின் சாமித்தட்டில் இருந்து ஊதுபத்தி ஒன்றை எடுத்துக் கொளுத்தினேன்.

"மத்தியானத்தில என்னடி பூசை?"

"பொறுங்கோ அம்மா."

கதிரையை வைத்து ஏறி, அந்த நீல வானத்துக்குக் கீழே ஊதுபத்தியைப் பிடித்தேன். புகை நேராக மேலே போனது. மேகத்தில் முட்டியது. அப்படியே தட்டையாகப் பரவி, ஓரங்களால் வழிந்து, என் முகத்துக்கே திரும்பி வந்தது. நான் கையை நீட்டித் தட்டிப் பார்த்தேன். பிளாஸ்டிக். அச்சடித்த வானம், பின்னால் விளக்கு. அதன் ஓரத்தை விரலால் தூக்கினால், அதற்கு மேலே இரும்புத் தகடு. ஆணி அடித்து, இடுக்கெல்லாம் பசை பூசி மூடியிருந்தார்கள்.

விளங்குகிறதா? எங்கள் கட்டிடத்தில் உண்மையான காற்றுக் கோபுரம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. அந்தப் படிக்கட்டும் சாளரமும் செருப்புகளும்தான் அது. யஸ்த் நகரத்துக் கொத்தனார் பார்த்திருந்தால் தலையாட்டியிருப்பார். அதை இரும்பால் மூடிவிட்டு, அந்த மூடியின் மேல் காற்றுக் கோபுரத்தின் பொம்மையை நட்டு வைத்திருக்கிறார்கள்! மூடுகிறபோது கட்டிடத்துக்காரரைச் சமாதானப்படுத்தியது நான்.

கதிரையில் இருந்து குதித்து நேரே கீழே அலுவலகத்துக்குப் போனேன். உள்ளே குளிர் முகத்தில் அடித்தது. மனேஜர் மெல்லிய கம்பளிச் சட்டை போட்டிருந்தார். அந்த வெயிலில், அந்தக் கட்டிடத்தில், கம்பளிச் சட்டை!

நான் சொன்னதை எல்லாம் அவர் மிகவும் பணிவாகக் கேட்டார். பிறகு, "மதாம், கோபுரம் காற்று விடும் என்று நாங்கள் எங்கேயும் எழுதவில்லையே. உந்துதல் பெற்றது என்றுதான் எழுதியிருக்கிறோம். அது ஒரு கொன்செப்ட்," என்றார்.

"அப்படியென்றால் பழைய சாளரத்தை ஏன் அடைத்தீர்கள்?"

"குளிர்காலத்தில் அதனால் சூடு வெளியேறியது. அது சக்தி விரயம். நாங்கள் பசுமையாக இருக்க விரும்புகிறோம்."

"குளிர்காலத்தில் மூடி, கோடையில் திறக்கிற மாதிரிச் செய்யலாமே! ஈரானில் வீட்டின் ஒரு பாதியையே பருவத்துக்குப் பருவம் மாற்றி மாற்றிப் பாவித்தார்கள். திறந்து மூட உங்களுக்கு ஒரு பிணைச்சல் போடத் தெரியாதா?"

"நீங்கள் மாணவிதானே?" என்று புன்னகைத்தார். "மிகவும் சுவாரசியம். எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்."

எதிர்வீட்டில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவர் வாளிக்குள் காலை விட்டபடி மூச்சுக்குத் தவிக்கிறார் என்றேன். நிலத்தடி குளிராக இருக்குமே, அதன் பூட்டையாவது திறந்து விடுங்கள், அவர் ஒரு தரம் மெதுவாக இறங்கி மாலை வரை அங்கே படுத்திருக்கட்டும் என்று கெஞ்சினேன். காப்புறுதி அனுமதிக்காது என்றார். குளிர்காலத்தில் வீடு சூடாகாவிட்டால் முறையிடுங்கள், கோடைச் சூடு வானிலை விடயம், அது எங்கள் பொறுப்பில் வராது என்றும் சேர்த்துக்கொண்டார். குரலை ஒரு தடவைகூட உயர்த்தவில்லை. எனக்கு அதுதான் கூடுதலாக எரிந்தது.

நான் படியேறி இரண்டாம் மாடிக்கு வருவதற்குள் மேலே இருந்து அம்மாவின் குரல் கேட்டது. "பிள்ளை! ஓடி வா! இந்தப் பிள்ளை விழுந்திட்டுது!"

அக்கா கதவிடுக்கில், பாதி உள்ளே பாதி வெளியே கிடந்தார். வாளித் தண்ணீர் படியால் வழிந்துகொண்டிருந்தது. நான் வருகிறேனா என்று எட்டிப் பார்க்க எழுந்தவராம். அம்மா அவர் தலையை மடியில் வைத்து, ஈரத் துவாயால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "கண்ணைத் திற அம்மா, கண்ணைத் திற ராசாத்தி" என்று தமிழிலேயே கதைத்துக்கொண்டிருந்தார். நான் அவசர இலக்கத்தை அழைத்தேன். அந்த நேரத்தில் எனக்குக் கட்டிடக்கலையும் தெரியாது, ஒன்றும் தெரியாது. அந்த வயிறு அசைகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த நகரத்தில் மருத்துவ அழைப்புக்கும் பல தடவை தீயணைப்பு வீரர்கள்தான் முதலில் வந்து சேருவார்கள். அன்றும் அப்படித்தான். பின்னாலேயே அம்புலன்ஸ் வந்தது. அக்கா கண் திறந்தார். அவரைத் தூக்குநாற்காலியில் வைத்து இறக்கினார்கள். அம்மா கூடவே போனார், செருப்பில்லாமல். அவருடைய செருப்பு கதவிடுக்கில் இருந்தது.

தீயணைப்பு வீரர்களில் ஒருவர் மட்டும் பொருட்களை எடுக்கப் பின்தங்கினார். பெரிய மீசை, அந்தக் கனமான உடுப்புக்குள்ளே அவருக்கும் வேர்வை ஆறாக ஓடியது. சுற்றிப் பார்த்துவிட்டு, "இதென்ன சூடு? இந்த மாதிரிப் படிக்கட்டுகளுக்கு மேலே திறக்கிற சாளரம் இருக்குமே. எங்கே சங்கிலி?" என்றார்.

நான் பதிலுக்குக் கதிரையில் ஏறி, ஊதுபத்தியைக் கொளுத்தினேன். தீயணைப்பு வீரரின் கண்ணுக்கு முன்னால் தீக்குச்சி கிழித்தது இந்த நகரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும். புகை மேலே போய், மேகத்தில் முட்டி, திரும்பி வந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு தானும் கதிரையில் ஏறி, கைவிரலால் அந்த நீல வானத்தைத் தட்டிப் பார்த்தார்.

"இங்கே தீப்பிடித்தால் புகை முழுவதையும் மேல்மாடிக்காரர்கள்தானே சுவாசிப்பார்கள்?" என்று தனக்குத்தானே கேட்கிற மாதிரிக் கேட்டார்.

அதற்குள் மனேஜர் மூச்சுவாங்க ஏறி வந்திருந்தார். கம்பளிச் சட்டையைக் கழற்றியிருந்தார் என்பதைக் கவனித்தேன். "மிஸ்யூ, இது ஒரு கொன்செப்ட்..." என்று தொடங்கினார்.

"புகைக்கு அது தெரியாது, மிஸ்யூ," என்றார் மீசைக்காரர். தொலைபேசியை எடுத்துக்கொண்டு படியிறங்கியவர், ஒவ்வொரு கதவிடுக்கிலும் இருந்த செருப்புகளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "இதுவும் சரியில்லை. தீ வந்தால் கதவு மூடவேண்டும். இரவில் படுக்கும்போது கட்டாயம் எடுத்துவிடுங்கள். பகலில்... பகலில் நான் செருப்பு எதையும் பார்க்கவில்லை."

அக்காவுக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்தில்லை என்று மாலையில் அம்மா தொலைபேசியில் சொன்னார். உடம்பில் நீர் வற்றி, அழுத்தம் ஏறி மயங்கியிருக்கிறார். சில நாட்கள் வைத்திருந்தார்கள். "ஆஸ்பத்திரியில ஏசி நல்லாயிருக்காம். உனக்குச் சொல்லச் சொன்னவ," என்றார் அம்மா. நான் சிரித்தேன், பிறகு குளியலறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன்.

நாங்கள் கெஞ்சியபோது அசையாத நிறுவனம், தீத்தடுப்புப் பரிசோதகர் வந்து போன பிறகு ஓடி ஓடி வேலை செய்தது. வேலையாட்கள் வந்து தகரக் கோபுரத்தின் பக்கங்களில் வாய் வெட்டி, பிளாஸ்டிக் வானத்தைக் கழற்றினார்கள். இரும்புத் தகட்டை அறுத்தார்கள். கடைசித் துண்டைத் தூக்கிய நிமிடத்தில் நான் படிக்கட்டில்தான் நின்றேன். முதலில் ஒரு பெருமூச்சு மாதிரிச் சத்தம். அடுத்து எங்கள் கதவு தானாக அசைந்து அம்மாவின் செருப்பை நசுக்கியது. முதலாம் மாடியில் யாரோ போட்டிருந்த மளிகைப் பை ஒன்று உப்பி, மிதந்து, ஒவ்வொரு படியாக ஏறி, என்னைத் தாண்டி, கோபுரத்துக்குள் போய்விட்டது. கீழ் வீட்டுப் பிரெஞ்சுக்காரர் அண்ணாந்து பார்த்துக் கைதட்டினார். பூண்டு வாசம் வந்தது. அன்றைக்கு மட்டும் அம்மா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது அதே இடத்தில் பிணைச்சல் போட்ட மூடி ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் மூடுகிறோம், கோடையில் சங்கிலியை இழுக்கிறோம்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு கோபமாக எழுதியிருக்க மாட்டேன். ஓகஸ்ட் கடைசியில் வாசல் பலகை மாறியது. அதே யஸ்த் நகரப் படம், அதன் கீழே புது வரி: இப்போது உண்மையான இயற்கைக் காற்றோட்டத்துடன், பாலைவனத்தின் ஞானம் உங்கள் இல்லத்தில். தீத்தடுப்புப் பரிசோதகரைப் பற்றி ஒரு சொல் இல்லை. தூக்குநாற்காலியில் இறங்கிய பெண்ணைப் பற்றி ஒரு சொல் இல்லை. அது போதாதென்று ஒரு புகைப்படக்காரரையும் அனுப்பினார்கள். இந்தக் கட்டிடத்திலேயே கட்டிடக்கலை மாணவி ஒருத்தி இருக்கிறாளாமே, கோபுரத்துக்குக் கீழே நின்று கொஞ்சம் சிரிக்க முடியுமா என்று கேட்டார் அவர். எனக்கு என்ன வந்ததென்று சொல்லத் தேவையில்லை.

அம்மா உள்ளே இருந்து குரல் கொடுத்தார். "எடுக்கட்டும் பிள்ளை. ஆனால் என்ர செருப்பையும் சேர்த்து எடுக்கச் சொல்லு. வேலை செய்யிறது அதுதானே."

புகைப்படக்காரருக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் செருப்பை எடுக்கவில்லை. நானும் நிற்கவில்லை.

அக்காவுக்கு மகள் பிறந்தாள். குழந்தையைப் பார்க்கப் போனபோது நான் பாத்கீர், நிறுவனம், ஏமாற்று என்று வழக்கம்போலக் கொதிக்கத் தொடங்கினேன். யஸ்த் நகரத்தின் பெயரை இப்படிக் கெடுத்துவிட்டார்களே என்று அவருக்காகவும் நானே கோபப்பட்டேன். அவர் குழந்தையின் முதுகைத் தடவியபடி, "யஸ்த்துக்கு ஒன்றும் ஆகாது," என்றார். "அங்கே கட்டினவர்கள் அழகுக்காகவா கட்டினார்கள்? உள்ளே இருக்கிறவர்கள் சாகக்கூடாது என்று கட்டினார்கள். கானும் மொஹந்தெஸ், நாளைக்கு நீ கட்டிடம் கட்டுவாய். எங்கள் ஊர் மாதிரி ஒன்றும் கட்டவேண்டாம். ஓட்டையை மட்டும் மறக்காமல் விடு."

குழந்தை கொட்டாவி விட்டது. கதவிடுக்கில் அக்காவின் செருப்பு இருந்தது.

இப்போதும் என் படிப்பில், பசுமைக் கட்டிடம், பாரம்பரிய ஞானம் என்று வழவழப்பான படங்களோடு யாராவது வந்து நிற்கும்போது எனக்குள் அதே சூடு ஏறுகிறது. எத்தனையோ தலைமுறைகள் வெயிலோடு போராடிக் கண்டுபிடித்ததை ஒரு தொப்பி மாதிரிக் கட்டிடத்தின் தலையில் கவிழ்த்துவிட்டு, உள்ளே இருக்கிறவர்களின் மூச்சை அடைக்கிறவர்களை மன்னிக்க எனக்கு இன்னும் வரவில்லை, வரவும் வேண்டாம். என் பைக்குள் எப்போதும் ஊதுபத்தி ஒன்றும் ஒரு தீப்பெட்டியும் இருக்கும். எந்தப் புதுக் கட்டிடத்தின் கோபுரத்தை யார் பெருமையாகக் காட்டினாலும் நான் அண்ணாந்து பார்ப்பதில்லை, அதன் கீழே இருக்கிறவர்களிடம் புகை திரும்பி வருகிறதா என்றுதான் பார்க்கிறேன்.